வேழாம்பல் மரத்தடியில் மதினி

மதினி யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு காரியம் சரியில்லை என்று பட்டால் அங்கே போய் நிற்பாள். கையைக் கட்டிக்கொள்ளமாட்டாள், இடுப்பில் வைத்துக்கொள்ளமாட்டாள். இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ்சுக்கு நிற்கிற பொம்பளை மாதிரி சும்மா நிற்பாள். பஸ்சுக்கு நிற்கிறவளாவது பஸ் வந்ததும் போய்விடுவாள். இவள் போகமாட்டாள்.

எங்களுக்குள் ரத்த சொந்தம் இல்லை. அவள் புருசனும் நானும் சிலமலையில் ஒரே தெரு. அவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவள் மதினி ஆனாள். பிறகு நான் வாக்கப்பட்ட வீட்டுக்கும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. அது அவர்கள் தோட்டத்தை ஒட்டினாற்போல் அமைந்தது. மேலே அவர்கள் நிலம், கீழே எங்களுடையது, நடுவில் ஒரு ஓடை. சொந்தத் தோட்டத்தில் சோலி இல்லாத நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் மற்ற எஸ்டேட்டுகளுக்குக் காய் எடுக்கப் போவோம்.

விடிவதற்கு முன்னால் போடியில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். ஆளை ஏற்றுவதற்கு அந்த டிரைவர்களுக்குக் கணக்கே கிடையாது. உள்ளே அடைத்து, பின்னால் தொங்கவிட்டு, பானெட்டின் மேலும் இரண்டு பேரை உட்காரவைப்பார்கள். ஒருநாள் அப்படி ஏற்றின ஜீப்புக்கு முன்னால் மதினி இறங்கிப் போய் நின்றுவிட்டாள். டிரைவர் ஆரனை அடித்தான். உள்ளே இருந்த பொம்பளைகள் வைதார்கள், தாமதமானால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவான் என்று. அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கடைசியில் டிரைவர் பானெட்டில் இருந்தவர்களை இறக்கிப் பின் ஜீப்புக்கு அனுப்பினான். மதினி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவளுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. வெற்றிலையை மடித்து எனக்கு நீட்டினாள்.

போடியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் காய் எடுக்கிற பொம்பளைகளைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தார்கள். பாயாசம் எங்கள் வரிசைக்கு வரவே இல்லை. மதினி இலையை விட்டு எழுந்து, சமையல்காரர் பக்கத்தில் அண்டாவை ஒட்டிப் போய் நின்றாள். என்ன வேணும் என்று அவர் கேட்டதற்கு எங்கள் வரிசையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வாளி வந்துவிட்டது. எல்லோரும் குடித்தோம். அவள் மட்டும் குடிக்கவில்லை, அவளுக்குச் சர்க்கரை வியாதி.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். கூட இருக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்காது. அவள் மகள் ஒருதடவை என்னிடம் சொல்லி அழுதாள். அம்மா வைதால்கூடத் தாங்கிக்கொள்வாளாம், அடித்தால்கூடத் தாங்கிக்கொள்வாளாம், வாசலில் வந்து பேசாமல் நிற்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லையாம். நான் அதை மதினியிடம் மெதுவாகச் சொன்னேன். வாய் இருக்கும்போது எதற்காக இப்படி நிற்க வேண்டும் என்றும் கேட்டேன்.

"பேசுனா பதில் பேசுவாக. நின்னா என்ன செய்வாக?" என்றாள்.

அவர்கள் தோட்டத்தின் தலைமாட்டில் ஒரு துண்டு சோலைக்காடு இருந்தது. அவள் மாமனார் காலத்திலிருந்து கத்தி படாத காடு. ஊற்று அதற்குள்தான் இருந்தது. கோடையில் மற்ற ஓடைகள் கல்லாகக் கிடக்கும்போது எங்கள் ஓடையில் மட்டும் கணுக்கால் நனையும். அண்ணன் செத்த பிறகு காடும் தோட்டமும் மதினிக்கும் அண்ணனுடைய தம்பிக்கும் பொதுவில் கிடந்தன. அவரை நான் சின்னண்ணன் என்பேன். கெட்ட மனுசர் இல்லை. இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்வார். ஆனால் அந்தக் காட்டை வெட்டி ஏலம் வைத்தால்தான் பிள்ளைகளுக்கு ஆகும் என்பது அவர் கணக்கு. அதோடு ஒரு பயமும் இருந்தது. மரம் அடர்ந்து நின்றால் என்றைக்காவது ஒருநாள் காட்டிலாகா வந்து இது எங்கள் காடு என்று சொல்லிவிடும் என்ற பயம். அது மலையில் எல்லோருக்கும் உண்டு. தானாக முளைத்த மரக்கன்றைக்கூடப் பிடுங்கி எறிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வளர்த்து ஊரான் கையில் கொடுக்கவா என்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். சொந்த நிலத்தில் காட்டை விட்டுவைத்திருக்கிற குடும்பங்களுக்கு உதவி செய்கிற சங்கம். வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் பேசியது. பாதி மலையாளம், பாதி தமிழ். காட்டை வெட்டாமல் இருந்தால் காயை அவர்களுடைய ஸ்டோரில் அடுப்புச் சூட்டில் உலர்த்தித் தருவார்களாம். அந்த அடுப்புக்கு விறகு கொஞ்சம் போதுமாம். காயை நல்ல விலைக்கு விற்றும் தருவார்களாம். இன்னொன்றும் சொன்னார்கள். சோலையும் ஏலமும் சேருகிற எல்லையில் ஒரு பெரிய சந்தனவேம்பு உண்டு. அதன் பொந்தில் வருசா வருசம் வேழாம்பல் பறவை அடையும். புத்தகத்தில் இருவாச்சி என்பார்களாம், மெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு அது வேழாம்பல்தான். பெட்டை உள்ளே போய் மண்ணும் எச்சமும் வைத்து வாசலைப் பூசிக்கொள்ளும். அலகு நுழைகிற கீற்று மட்டும் விட்டிருக்கும். ஆண்தான் வெளியே இருந்து பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆள் நடமாட்டத்தைப் பார்த்து அது வராமல் போனால் தாயும் குஞ்சும் உள்ளேயே பட்டினியாகச் செத்துப்போகும். அதனால் குஞ்சு வெளியே வருகிற வரைக்கும் அந்த மரத்தையும் சுற்றியுள்ள மரங்களையும் கவாத்துப் பண்ணாமல் விடச் சொன்னார்கள்.

கவாத்து என்றால் நிழல் மரங்களின் கொப்புகளைக் கழிப்பது. மழைக்கு முன்னால் கழித்தால்தான் ஏலத்துக்கு வெளிச்சம் இறங்கும். இல்லாவிட்டால் மழையில் காய் பிடிக்கிற சரம் அழுகிவிடும். மழை விழுந்த பிறகு மரம் வழுக்கும், யாரும் ஏறமாட்டார்கள். சின்னண்ணன் அதைத்தான் கேட்டார். சங்கத்து அம்மா, குஞ்சு வெளியே வந்த அன்றைக்கு ஒரு போன் போட்டால் மறுநாளே கயிறு கட்டி ஏறுகிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னது. மழை பெய்தாலும் இடைவெளி பார்த்து ஏறுவார்களாம்.

சின்னண்ணன் சிரித்தார். "இன்னைக்குப் பறவைக்கு எடம் குடுங்கன்னு வருவீக. நாளைக்குப் பட்டா எங்கன்னு வருவீக. மழையில எவன் வருவான்?"

மதினி அந்த அம்மாவை மட்டும் பார்த்துக் கேட்டாள். "வந்து நிப்பீகளா?"

அந்த அம்மா நிற்பேன் என்றது. மதினிக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. ஆனால் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருசம் வேழாம்பல் தாமதமாகத்தான் அடைந்தது. மற்ற வருசம் வைகாசி பாதியில் பொந்து காலியாகிவிடும். அந்த வருசம் மேற்கே மேகம் கட்டின பிறகும் ஆண் பறவை பழத்தோடு வந்துகொண்டே இருந்தது. கவாத்துக்காரர்கள் தோட்டத்தின் கீழ்ப்பாதியை முடித்துவிட்டு மேலே ஏறி வந்தார்கள். மதினி விடியற்காலையிலேயே சந்தனவேம்பின் கீழே போய் நின்றுவிட்டாள். நான் ஓடைக்கு இந்தப் பக்கம் களை எடுக்கிற மாதிரி இருந்தேன். ஒரு களையும் எடுக்கவில்லை.

சின்னண்ணன் முதலில் தன்மையாகத்தான் சொன்னார், நகருங்க மதினி, கொப்பு விழும் என்று. பிறகு சத்தமாகச் சொன்னார். பிறகு கவாத்துக்காரர்களின் தலைவரைப் பார்த்து ஏறச் சொன்னார். அந்த ஆள் கத்தியை இடுப்பில் செருகினார், மேலே பார்த்தார், மதினியைப் பார்த்தார். கத்தியை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"பொம்பள தலையில கொப்பப் போட்டுட்டு நான் ஊருக்குப் போகவா அண்ணே?"

அந்த நேரம் பார்த்து ஆண் பறவை தூரத்து மரத்தில் வந்து உட்கார்ந்து கெக்கெக்கே என்று கத்தியது. அதன் சத்தம் ஆள் சிரிக்கிற மாதிரியே இருக்கும். வந்திருந்தவர்களில் ஒருவன், அண்ணே உங்களப் பார்த்துத்தான் சிரிக்குது என்றான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சின்னண்ணன் முகம் செத்துப்போனது. அப்புறம் அவர் சத்தம் போடவே இல்லை. பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னதை மதினி பிறகு சொல்லித்தான் கேட்டேன், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இந்த வருசக் காய் போச்சுன்னா பங்கு பிரிச்சிருவோம் மதினி. எல்லைக் கல்லு நட்டுருவோம். சோலை உங்களுக்கு, ஏலம் எனக்கு. பறவையவே வச்சுக் கஞ்சி குடிங்க."

கவாத்துக்காரர்கள் மேல்பாதியை அப்படியே போட்டுவிட்டு வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். சங்கத்துச் சொல்லைத் தவிர மதினி கையில் வேறு ஒன்றும் இல்லை. ஏலத்தில் அவள் பாதியும் போனால் அவளுக்கு மிஞ்சுவது ஊற்றும் பாறையும் மரமும்தான். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். மருமகன் வீட்டில் போய் நிற்கிற ஆளும் இல்லை அவள்.

மழை வந்துவிட்டது. மெட்டு வெள்ளையாக மூடிக்கொண்டது. கழித்த பாதியில் செடி தளதளவென்று நின்றது. கழிக்காத பாதியில் இலை இருண்டு, தூருக்குள் ஈரம் கட்டிக் கிடந்தது. கொஞ்ச நாளில் சரத்தில் பிஞ்சுக்காய்கள் கறுத்து உதிர ஆரம்பித்தன. மேல்பாதியில் நடந்து வந்தால் சேலையெல்லாம் அழுகல் வாடை அடித்தது. சின்னண்ணன் தினமும் அந்த உதிர்ந்த காய்களை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து மதினி தங்கியிருந்த தோட்டத்து வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போவார். அவள் அதைக் கூட்டித் தள்ளுவாள். பொந்துப் பூச்சு உடையவில்லை. என் வீட்டுக்காரர் என்னைக் கண்டித்தார், பங்காளிச் சண்டை, நீ அந்தப் பக்கம் தலை வைக்காதே என்று.

அப்போது பார்த்து மகளுக்குப் போடி ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று சேதி வந்தது. மதினி பையை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு இறங்கும்போது என்னிடம் வந்தாள்.

"நான் வர்ற வரைக்கும் நீ போயி நில்லு தாயி."

நான் என்னத்தச் சொல்றது மதினி என்றேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். நில்லு."

மறுநாள் மழை விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் கீழே போனதும் நான் ஓடையைத் தாண்டி ஏறினேன். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்திலேயே சின்னண்ணன் ஒரு ஆளோடு வந்தார். ஏதோ எஸ்டேட்டில் பிடித்த மரம் ஏறுகிறவன். மதினி ஊரில் இல்லை என்று தெரிந்துதான் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"தங்கச்சி, ஒனக்கு இதுல என்ன?"

நான் தலையைத் தூக்கவில்லை. அவர் குரலைக் கேட்டாலே சின்ன வயசிலிருந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கிப் போகிறவள் நான். மரம் ஏறுகிறவன் கால் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி வந்தான். நானும் அந்தப் பக்கம் நகர்ந்து நின்றேன். அவன் இந்தப் பக்கம் வந்தான். திரும்ப நான் இந்தப் பக்கம் வந்தேன். அப்புறம் அவனும் நின்றுவிட்டான். என் காலில் அட்டை ஏறியது. ஒன்று விரல் இடுக்கில், ஒன்று கெண்டைக்காலில். குனிந்தால் அந்த நேரம் பார்த்து அவன் மரத்தில் ஏறிவிடுவான் என்று பயந்துபோய் நான் குனியவில்லை. ரத்தம் சேற்றில் இறங்கியது.

சின்னண்ணன் அதைப் பார்த்தார். ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. ஆண் பறவை வந்தது. முதலில் எங்களைப் பார்த்துத் திரும்பிப் போனது. பிறகு திரும்ப வந்து பட்டையில் தொற்றிக்கொண்டது. தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாகக் கொண்டுவந்து கீற்றில் நீட்டியது. உள்ளே இருந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. சின்னண்ணன் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வருசக்கணக்காக அவர் தோட்டத்து மரம்தான். அதற்கு முன்னால் அவர் அதைப் பார்த்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்து வந்து சுண்ணாம்பு டப்பாவை என்னிடம் நீட்டினார். "தடவு. அட்டை விட்டுரும்." கூட வந்தவனைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். பாதி வழியில் திரும்பி, நாளைக்கும் வருவேன் என்றார்.

அவர் வரவில்லை. மழைதான் வந்தது, விடாமல். அது ஓய்ந்த காலையில் நான் மேலே போனபோது பொந்தின் பூச்சு உடைந்து கிடந்தது. தாய்ப் பறவை கொப்பில் இருந்தது, இறகெல்லாம் கசங்கி. அதற்குக் கொஞ்சம் தள்ளிக் குஞ்சு, பறக்கத் தெரியாமல் கொப்பைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியது. அப்புறம் ரோட்டு வளைவுக்கு ஓடினேன். அங்கேதான் போனில் சிக்னல் கோடு தெரியும். மதினிக்குப் போட்டேன்.

"மதினி, வெளிய வந்திருச்சு."

ஆஸ்பத்திரியில் யாரோ பேர் கூப்பிடுவது மட்டும் கேட்டது. "ரெண்டுமா?" என்றாள்.

"ரெண்டும்."

"அப்ப அங்கன என்ன நின்னுக்கிட்டு இருக்க? சங்கத்து அம்மாவுக்கு வெரசா போன் போடு. மழை விட்டிருக்கும்போதே ஏறட்டும்."

முன்பின் பழகாத ஒருவரோடு நான் போனில் பேசினதே இல்லை. அந்த அம்மா எடுத்ததும் நான் யார் என்று சொல்வதற்கே நாக்கு புரளவில்லை. வேழாம்பல், வேழாம்பல் என்று இரண்டு தடவை சொன்னேன். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு வருகிறோம் என்றது.

மறுநாள் முதல் ஜீப்பிலேயே மதினி வந்து இறங்கினாள். மகளுக்குப் பொம்பளைப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே மரத்தடிக்கு ஏறினாள். சின்னண்ணனும் வந்து பாறையில் உட்கார்ந்தார். யாரும் வரமாட்டார்கள் என்பதைப் பார்க்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். கீழே வளைவுகளில் ஜீப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்புவோம். காய்கறி லோடு போனது. எஸ்டேட் ஜீப்பு போனது. உச்சிப் பொழுதானது. மேற்கே மறுபடியும் மேகம் கட்டியது. மதினி அசையவில்லை. ஆனால் அவள் தொங்கவிட்டிருந்த கை விரல்கள் ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டிருந்தன. அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர்கள் வந்தபோது நாங்கள் சத்தத்தைக்கூடக் கவனிக்கவில்லை. ரோட்டில் மண் சரிந்து கிடந்ததாம், ஜீப்பைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து ஏறி வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவும் கயிற்றுச் சுருள் சுமந்த இரண்டு ஆட்களும், முழங்கால்வரை சேறு. வந்து மதினி முன்னால் நின்றது அந்த அம்மா. மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை. ஆட்களில் ஒருவன் ஈரப் பட்டையில் வழுக்கினான். சின்னண்ணன் எழுந்து போய்க் கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு பாறையில் காலை உதைத்து நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மூன்று மரங்கள்தான் முடிந்தன. அதுவரைக்கும் மழை இறங்கவில்லை. வெளிச்சம் தூர்வரை விழுந்தபோதுதான் சேதம் முழுசாகத் தெரிந்தது. மேல்தோட்டத்தில் பாதிக்கு மேல் கறுத்துக் கிடந்தது.

மதினி அதைக் கடைசிச் செடிவரைக்கும் நடந்து பார்த்தாள். திரும்பி வந்து சின்னண்ணன் எதிரில் நின்றாள். வாயைத் திறந்து அவளே முதலில் பேசினாள்.

"கல்லு எங்கன நடப் போறீக தம்பி? சொல்லுங்க, போயி நிக்கிறேன்."

சின்னண்ணன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது தோலை அறுத்து வரி போட்டிருந்தது. அவர் சோலையைப் பார்த்தார், ஏலத்தைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலிருந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது.

"அழுகுன சரத்த மொதல்ல அறுத்து வெளிய போடுங்க மதினி. இருக்கறதுக்கும் பரவிரும்" என்றார். குனிந்து முதல் தூரில் அவரே கையை வைத்தார்.